காட்டுக்குள் புது நோய் நுழையுமுன்: வனவிலங்குகளிலும் காடேறிய விலங்குகளிலும் நோய்ப்பரவலுக்குத் தயாராவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பண்ணையில் புது நோய் வந்தால் கதவைச் சாத்தலாம், தலையை எண்ணலாம், உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். காட்டில் சாத்தக் கதவு இல்லை, எண்ணிக்கை தெரியாது, விசாரிக்க ஆளும் இல்லை. அதனால்தான் பண்ணைக்கு எழுதிய திட்டத்தில் 'மாடு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மான்' என்று எழுதினால் அது வேலைக்கு ஆகாது.

ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ இதுவரை இல்லாத, வெளியிலிருந்து வரக்கூடிய நோய்களைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் (கீழே சுருக்கமாகப் 'பன்றிக்காய்ச்சல்'), கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய், வீரியமிக்க பறவைக்காய்ச்சல், ரேபிஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 'காடேறிய விலங்குகள்' என்று இங்கே சொல்வது, ஒரு காலத்தில் மனிதர் வளர்த்து, பிறகு தப்பியோ கைவிடப்பட்டோ காட்டில் தாமாகவே பெருகிவிட்ட பன்றி, ஆடு, எருமை, நாய், பூனை போன்றவற்றை.

படிகளின் வரிசை முக்கியம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கருவிகளை வாங்குவதில் தொடங்குகிறார்கள். நோய் வந்ததும் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். இரண்டும் பின்னால் வரவேண்டியவை.

1. முடிவெடுப்பவர் யார் என்று முதலில் எழுதுங்கள்

கால்நடைத் துறைக்கு நோய் தெரியும், ஆனால் விலங்கு அதன் கையில் இல்லை. வனத்துறைக்கு விலங்கு தெரியும், ஆனால் நோய்ச் சட்டம் அதன் கையில் இல்லை. காடேறிய பன்றியென்றால் இரண்டு பேருமே 'அது எங்களுடையதல்ல' என்பார்கள். முதல் மூன்று நாட்கள் வீணாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஒரே ஒரு தாள் போதும். சடலத்தைத் தொட அனுமதி தருவது யார்? மாதிரியை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது, செலவு யாருடையது? காட்டுப்பகுதியை மூட உத்தரவிடுவது யார்? விலங்கைக் கொல்ல அனுமதி தருவது யார்? செய்தியாளரிடம் பேசுவது யார்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவரின் பெயர், அவர் இல்லாதபோது பொறுப்பேற்பவரின் பெயர், இரவில் எடுக்கும் தொலைபேசி எண். பதவிப் பெயரை மட்டும் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்க மாட்டார்கள்.

மேலிடத்துக்கு முன்கூட்டியே விளக்கவேண்டிய ஒன்று உண்டு. பட்டியலிடப்பட்ட நோய் முதன்முதலாக உறுதியானால் அந்த நாடு 24 மணி நேரத்துக்குள் உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். வணிகம் கெட்டுவிடுமே என்ற பயத்தில் கீழ்மட்டத்திலேயே தகவல் தேங்கிவிடும். ஆனால் காட்டுப்பறவைகளில் மட்டும் பறவைக்காய்ச்சல் தென்பட்டால் கோழி வணிகத்தைத் தடைசெய்யக் கூடாது என்று அந்த அமைப்பின் விதிநூலே சொல்கிறது. அமைதியான நாளில் இதை அதிகாரிகளுக்குப் புரியவைத்தால், அவசர நாளில் மறைக்கும் எண்ணம் குறையும்.

2. நோய்ப் பட்டியலை ஐந்தோடு நிறுத்துங்கள்

முப்பது நோய்களுக்குத் தயாராகும் திட்டம் எந்த நோய்க்கும் தயாராகாது. உங்கள் பகுதியில் உள்ள விலங்கினங்களை ஒருபுறமும், அருகிலுள்ள நாடுகளில் இப்போது பரவும் நோய்களை மறுபுறமும் எழுதி, எது எதைத் தாக்கும் என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி: இது எந்த வழியாக உள்ளே வரும்?

விலங்கு நடந்து வந்து சேரும் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2017-இல் செக் குடியரசின் ஸ்லீன் பகுதிக்கும், 2018 செப்டம்பரில் பெல்ஜியத்தின் தென்பகுதிக்கும், அப்போது நோய் இருந்த இடங்களிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் குதித்தது. காட்டுப்பன்றி அவ்வளவு தூரம் ஓடாது. மனிதர் கொண்டுவரும் இறைச்சி, அழுக்கான வண்டி, வேட்டைக் கருவி ஆகியவற்றின் வழியாகத்தான் இத்தகைய தாவல் நடக்கமுடியும். ஆகவே வரைபடத்தில் எல்லைக்கோட்டை மட்டும் பார்க்காமல், நெடுஞ்சாலை ஓய்விடம், குப்பைமேடு, முகாம் போடும் இடம், துறைமுகம் ஆகியவற்றையும் குறியுங்கள். பன்றிகள் குப்பை கிளறும் இடங்களே முதலில் மூடி போட்டு வேலி அடைக்கவேண்டியவை.

கால்நடையிலிருந்து காட்டுக்குப் போகும் வழியையும் மறக்கக் கூடாது. மங்கோலியாவில் 2016-இல் ஆடுகளிடம் ஆட்டுக்கொல்லி நோய் தென்பட்டது. சில மாதங்களிலேயே அதே மேய்ச்சல் நிலத்தைப் பகிர்ந்த சைகா மான்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இங்கே காட்டைக் காக்கும் முதல் வேலை காட்டுக்கு வெளியே, ஆட்டுமந்தைக்குத் தடுப்பூசி போடுவதில் இருக்கிறது.

3. எந்த விலங்கு எங்கே, எப்போது கூடுகிறது

துல்லியமான எண்ணிக்கை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்ற அளவு தெரிந்தால் போதும். தானியங்கிக் கேமரா, பாதைவழிக் கணக்கெடுப்பு, வான்வழிக் கணக்கெடுப்பு என எது கையில் இருக்கிறதோ அதை ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையில் செய்யுங்கள். முறை மாறினால் ஆண்டுகளை ஒப்பிட முடியாது.

எண்ணிக்கையைவிடப் பயன்படுவது கூடும் இடங்களின் வரைபடம். கோடையில் வற்றாத நீர்நிலை, விலங்குகள் உப்பு நக்க வரும் இடம், கூடுகட்டும் திட்டு, குட்டி ஈனும் கடற்கரை, கால்நடையும் காட்டு விலங்கும் ஒன்றாக நீர் குடிக்கும் இடம். அத்துடன் ஆறு, அகலமான சாலை, ஏற்கெனவே உள்ள வேலி போன்ற இயற்கைத் தடைகளையும் வரையுங்கள். நோய் வந்தபின் எல்லைக்கோடு போடும்போது இந்தத் தடைகளின்மேல்தான் போடுவீர்கள். வரைபடம் இல்லாதவர்கள் காம்பஸால் வட்டம் போடுகிறார்கள். விலங்குக்கு வட்டம் தெரியாது.

4. வழக்கமான சாவு எவ்வளவு என்று தெரிந்து வையுங்கள்

'அசாதாரணச் சாவு' என்று சொல்ல, சாதாரணம் எது என்று தெரியவேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு, கண்ணில்படும் ஒவ்வொரு சடலத்தையும் தேதி, இடம், இனம், வயது, கிட்டத்தட்ட எத்தனை நாள் பழையது என்று பதியுங்கள். வாகனம் மோதியதையும் பதியுங்கள், ஏனென்றால் தள்ளாடும் விலங்குதான் எளிதில் மோதப்படுகிறது.

பெருஞ்சாவு எல்லாமே வெளிநாட்டு நோய் அல்ல. 2015-இல் கஜகஸ்தானில் சில வாரங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சைகா மான்கள் இறந்தன. காரணம் அந்த மான்களின் உடலிலேயே சாதுவாக இருந்த பாஸ்சுரெல்லா பாக்டீரியா. வழக்கத்தைவிட வெப்பமும் ஈரப்பதமும் கூடிய வானிலையில் அது கொலைகாரனாக மாறியது. விஷம், பாசி நச்சு, பட்டினி ஆகியவையும் இதே தோற்றம் தரும். முன்முடிவோடு ஒரே நோய்க்கு மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, அது இல்லை என்று வந்ததும் கையைப் பிசைந்து நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

தகவல் தருபவர்கள் உங்கள் ஊழியர்கள் மட்டுமல்லர். மேய்ப்பர், மீனவர், தேன் எடுப்போர், சாலைப் பணியாளர், பறவை பார்ப்போர்தான் முதலில் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு எண் கொடுங்கள். எப்போது கூப்பிடவேண்டும் என்பதையும் எண்ணாகவே சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் ஐந்து பறவைகள், அல்லது காயமில்லாத இரண்டு பன்றிகள், அல்லது ஒரே ஒரு மானின் வாயிலோ குளம்பிலோ கொப்புளம். இந்த அளவுகளை உங்கள் பதிவேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கூப்பிட்டவருக்கு முடிவைத் திரும்பச் சொல்லாவிட்டால் அடுத்த முறை அவர் கூப்பிட மாட்டார்.

5. பெட்டி தயார் செய்தல்

இரண்டு பேர், ஒரு நாள், ஐந்து சடலம் என்ற கணக்கில் ஒரு பெட்டி. பெரிய ஒரே பெட்டியைவிடச் சிறிய மூன்று பெட்டிகள் நல்லது. ஒன்று அழுக்கானாலும் வேலை நிற்காது.

உடலுக்கு: ஒருமுறை அணியும் முழுவுடல் உடை 6, நைட்ரைல் கையுறை 100, தடித்த ரப்பர் கையுறை 2 ஜோடி, என்95 அல்லது அதற்கு மேலான முகக்கவசம் 10, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி 2, ரப்பர் பூட்ஸ் 2 ஜோடி.

மாதிரிக்கு: பாலியெஸ்டர் முனையும் பிளாஸ்டிக் தண்டும் கொண்ட ஸ்வாப் 40. பஞ்சு முனையும் மரத்தண்டும் உள்ளவை பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கக்கூடும், வாங்கவேண்டாம். வைரஸ் கடத்து ஊடகம் (வைரஸ் சிதையாமல் ஆய்வகம் சேர உதவும் திரவம்) நிரப்பிய குழாய் 20, திருகுமூடி போட்ட 50 மில்லி அகலவாய்ப் புட்டி 20, ரத்தம் சேகரிக்கும் குழாய், உறையவிடுவது, உறையவிடாதது என இரு வகையிலும் பத்துப் பத்து, 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் 2 லிட்டர், கத்தி 2, எலும்பு அறுக்கும் ரம்பம் 1, ஐஸ் பொதிகளோடு குளிர்பெட்டி.

மற்றவை: தடித்த பிளாஸ்டிக் பை 20, இறுக்கு நாடா, 5 லிட்டர் தெளிப்பான், தேய்க்கும் தூரிகை, சோப்பு, கிருமிநாசினி, 20 லிட்டர் தண்ணீர், ஜி.பி.எஸ்., கேமரா, அளவுகோல், படிவங்கள், பென்சில். பேனாவைவிடப் பென்சில் மேல். ஆல்கஹால் பட்டால் பேனா மை அழியும், பென்சில் எழுத்து நிற்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். கடத்து ஊடகம் மஞ்சளாகியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ தூக்கி எறியுங்கள். கையுறை வெயிலில் இருந்தால் பொடிந்துபோகும். வாங்கி இரண்டு ஆண்டு பூட்டிவைத்த பெட்டியில் பாதிப் பொருள் காலாவதியாகியிருக்கும் என்று எதிர்பாருங்கள்.

6. ஆட்களைத் தயார் செய்தல்

பாலூட்டிகளின் சடலத்தைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ரேபிஸ் முன்தடுப்பூசி வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2018 பரிந்துரைப்படி 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு தவணை. கடிபட்டால் மேலும் ஊசி போட்டே ஆகவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முன்தடுப்பூசி போட்டதால் ஒன்றும் வராது என்ற எண்ணம் உயிரை வாங்கும்.

முகக்கவசம் ஒவ்வொருவரின் முகத்துக்கும் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று முன்பே சோதியுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும்.

உடையை அணிவதைவிடக் கழற்றுவதற்கே அதிகப் பயிற்சி தேவை. தொற்று ஒட்டுவது கழற்றும்போதுதான். வரிசை: வெளிக்கையுறை, உடை, பூட்ஸ் கழுவல், கண்ணாடி, முகக்கவசம், உள்கையுறை, கை கழுவல். உடையில் மாவைத் தூவி, கழற்றியபின் முகத்திலோ மணிக்கட்டிலோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேர உரையைவிட இந்த ஐந்து நிமிடம் அதிகம் கற்றுத்தரும்.

7. ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று மேசையில்: 'ஞாயிறு மாலை 5 மணி, காட்டு ஓடையருகே மூன்று பன்றிகள் செத்துக் கிடக்கின்றன' என்று சொல்லிவிட்டு, அந்த ஒற்றைத் தாளில் உள்ள எண்களை உண்மையாகவே கூப்பிடுங்கள். யார் எடுத்தார்கள், எத்தனை நிமிடத்தில் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். மற்றொன்று களத்தில்: வண்டி மோதி இறந்த விலங்கொன்றில் முழு மாதிரி எடுத்து, பொதிந்து, ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். பொதியை வாங்க ஆய்வகத்தில் வார இறுதியில் ஆள் இல்லை என்பது இப்படித்தான் தெரியவரும்.

8. சந்தேகம் வந்த முதல் 24 மணி நேரம்

தொடுமுன் நில்லுங்கள். குறைந்தது 20 மீட்டர் தள்ளி நின்று படம் எடுங்கள். எத்தனை சடலம், எத்தனை உயிரோடு தள்ளாடுகின்றன, ஒரே இனமா பலவா, அருகில் நீர், பூச்சிமருந்து, மின்கம்பி ஏதாவது உண்டா என்று குறியுங்கள். பல இனங்கள் ஒரே சமயத்தில் செத்திருந்தால் முதலில் விஷத்தை நினையுங்கள்.

அடுத்து அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சோதனை. மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கரிய ரத்தம் கசிகிறதா? உடல் விறைக்காமல் விரைவாக உப்பியிருக்கிறதா? அப்படியானால் சடலத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். உடலுக்குள் இருக்கும் அடைப்பான் பாக்டீரியா காற்றுப் பட்டதும் வித்துகளாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். கசிந்த ரத்தத்தை ஸ்வாபில் எடுத்துக்கொண்டு விலகுங்கள். கழுகும் நாயும் கிழிக்காதபடி மூடிவையுங்கள்.

பிறகு இரண்டு பேருக்கும் வேலையைப் பிரியுங்கள். ஒருவர் அழுக்குக் கை, சடலத்தைத் தொடுபவர். மற்றவர் சுத்தக் கை, எழுதுவது, குழாய் நீட்டுவது, படம் எடுப்பது. தனியாகப் போகவேண்டாம்.

வண்டியைக் கடினத் தரையிலேயே நிறுத்துங்கள். அங்கிருந்து நடந்து போய், திரும்பும்போது அதே இடத்தில் கழுவிவிட்டு ஏறுங்கள். அன்று வேறெந்தப் பண்ணைக்கும் மந்தைக்கும் போகக் கூடாது. 'போற வழியில் அந்தப் பண்ணையையும் பார்த்துவிடலாம்' என்ற ஒரே நினைப்பு நோயை முப்பது கிலோமீட்டர் கொண்டுபோய் விடும்.

9. மாதிரி எடுத்தல், பொதிதல்

அழுகலின் அளவைப் பொறுத்து மாதிரி மாறும். இதைத் தெரியாமல், அழுகிவிட்டது என்று சடலத்தை விட்டுவிடுகிறார்கள். பன்றிக்காய்ச்சல் சந்தேகத்தில் புதிய சடலமானால் மண்ணீரல், நிணநீர்க்கணு, டான்சில், சிறுநீரகம். அழுகியதானால் நீண்ட எலும்பின் மஜ்ஜை. வெறும் எலும்புக்கூடு கிடைத்தாலும் மஜ்ஜையில் வைரஸின் மரபுப்பொருள் கிடைக்கலாம். ஆகவே ஒரு தொடையெலும்பை முழுதாகவே பையில் போடுங்கள்.

கோமாரிக்கு: உடையாத அல்லது இப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் தோல், குறைந்தது 1 கிராம், கார அமிலத்தன்மை (pH) 7.2 முதல் 7.6 வரை சமன்செய்த கிளிசரால் கரைசலில். வெறும் உப்புநீரிலோ ஃபார்மலினிலோ போட்டால் வைரஸை வளர்த்துப் பார்க்கமுடியாது. இந்த வைரஸ் லேசான அமிலத்திலேயே செத்துவிடும்.

பறவைக்காய்ச்சலுக்கு: ஓர் இனத்துக்குப் புதிதாக இறந்த ஐந்து பறவைகள். தொண்டையிலும் கழிவாயிலும் தனித்தனி ஸ்வாப், தனித்தனிக் குழாய். நரம்புக்கோளாறு காட்டிய பறவையானால் மூளையும் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு: கண், மூக்கு ஸ்வாப், உறையாத ரத்தம், மண்ணீரல், நுரையீரல். ரேபிஸுக்கு: மூளைத்தண்டும் சிறுமூளையும் தேவை. தள்ளாடும் விலங்கைத் தலையில் சுட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது என்று சுடுபவரிடம் முன்பே சொல்லுங்கள்.

எந்த நோயைச் சந்தேகித்தாலும், ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டு ஒன்றை ஃபார்மலினிலும் போடுங்கள். ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்கவேண்டும். தடித்த துண்டின் நடுவுக்குள் அது புகுவதற்குள் நடு அழுகிவிடும். சந்தேகித்த நோய் இல்லையென்றால், உண்மையான காரணத்தைக் காட்டுவது இந்தத் துண்டுதான்.

48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருமானால் 4 பாகையில் வைத்தாலே போதும். தாமதமானால் மைனஸ் 80 அல்லது திரவ நைட்ரஜன். வீட்டுக் குளிர்பெட்டியின் மைனஸ் 20 வைரஸைச் சிதைக்கும், உருகி மறுபடி உறைந்தால் இன்னும் மோசம். ஃபார்மலின் புட்டியை உறையவைக்கவே கூடாது.

பொதிதல் மூன்று அடுக்கு: கசியாத முதற்குழாய், அதைச் சுற்றி உறிஞ்சு தாள், கசியாத இரண்டாம் உறை, கெட்டியான வெளிப்பெட்டி. வெளியே யு.என். 3373 குறி, அதாவது உள்ளே நோய்ச் சோதனை மாதிரி இருக்கிறது என்று காட்டும் சர்வதேச எண். படிவம் இரண்டாம் உறைக்கு வெளியே இருக்கவேண்டும். உள்ளே வைத்து, குழாய் உடைந்து, எழுத்து கரைந்து, எது எந்த விலங்கு என்றே தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

10. எல்லையைக் கண்டுபிடித்தல்

நோய் உறுதியானதும் எல்லாரும் கேட்பது 'எத்தனை விலங்கைக் கொல்லவேண்டும்?' நீங்கள் கேட்கவேண்டியது 'எதுவரை பரவியிருக்கிறது?' முதலில் கிடைத்த சடலம் முதலில் செத்த விலங்காக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் பார்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நோய் உள்ளே வந்திருக்கும்.

வெளியிலிருந்து உள்ளே தேடுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் சடலம் கிடைத்துக்கொண்டே இருக்கும், விளிம்பு தெரியாது, உங்கள் காலணியே நோயை வெளியே கொண்டுபோகும். வரைபடத்திலுள்ள தடைகளை எல்லையாக வைத்து, ஆட்களை 10 முதல் 20 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்கவிடுங்கள். காய்ச்சல் கண்ட பன்றி நீரையும் நிழலையும் தேடிப்போய்ப் படுக்கும். ஓடைக்கரை, சேறு, அடர்ந்த புதர் ஆகியவற்றுக்கு நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். தேடிய பாதையையும் ஜி.பி.எஸ்ஸில் பதியுங்கள். 'சடலம் இல்லை' என்பதும் 'தேடவில்லை' என்பதும் வரைபடத்தில் ஒரேபோலத் தெரிந்தால் அந்த வரைபடத்தால் பயனில்லை.

ஒரு கணக்கு கையோடு இருக்கட்டும். பெரிய கூட்டமொன்றில் நூற்றுக்கு 5 விலங்குகளுக்கு நோய் இருந்தால், அதை 95 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்கச் சுமார் 60 மாதிரி வேண்டும். நூற்றுக்கு 1 என்றால் சுமார் 300. பத்து விலங்கைச் சுட்டுப் பார்த்து 'நோய் இல்லை' என்று அறிவிப்பது வெறும் ஆசை. கொல்லும் நோய்களில், சுட்ட நல்ல விலங்கைவிடத் தானாகச் செத்த ஒரு விலங்கு பல மடங்கு தகவல் தரும்.

11. அசைக்காமல் நிறுத்துங்கள், பிறகே குறையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

துப்பாக்கிச் சத்தமும் நாயும் விலங்குக் கூட்டத்தைச் சிதறடிக்கும். சிதறிய விலங்கு நோயோடு புது இடத்துக்குப் போகும். பிரிட்டனில் மாட்டுக் காசநோய்க்காக 1998 முதல் 2005 வரை நடந்த பேட்ஜர் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்கு) ஒழிப்புச் சோதனை இதை அளந்தே காட்டியது. கொன்ற பகுதியைச் சுற்றியிருந்த பண்ணைகளில் நோய் கூடியது, மிஞ்சிய பேட்ஜர்கள் பழைய வளைகளைவிட்டு அலையத் தொடங்கியதால்.

செக் குடியரசு வேறு வரிசையில் போனது. நோய்ப்பகுதியின் நடுவில் வேட்டையை முதலில் தடைசெய்தார்கள். மின்வேலியும் வாசனைத் தடுப்பும் போட்டார்கள். பன்றிகள் உணவு தேடி வெளியே போகாதிருக்க வயல்களில் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டார்கள். சடலங்களைத் தேடி அகற்றினார்கள். நோயின் முதல் அலை தணியத் தொடங்கியபின்தான் பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்களையும் பிறகு காவல்துறைக் குறிசுடுநர்களையும் உள்ளே விட்டார்கள். 2019-இல் நோயற்ற நிலையை மீட்டார்கள். பெல்ஜியமும் வேலி, தேடல், பிறகு குறைப்பு என்ற பாதையில் 2020-இன் இறுதியில் மீண்டது.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1924-இல் கலிபோர்னியாவில் கோமாரி மான்களுக்குத் தாவியபோது, ஸ்டானிஸ்லாஸ் காட்டில் சுமார் 22,000 மான்களைக் கொன்றார்கள். நோய் ஒழிந்தது. ஆனால் புண் தென்பட்டது பத்தில் ஒன்றில்தான். அந்த அளவுக்குக் கொல்ல ஆளும் பணமும் மக்களின் ஒப்புதலும் உங்களிடம் இருக்குமா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காடேறிய பன்றியை, ஆட்டைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் கூண்டுப்பொறி நல்லது. கூட்டம் முழுவதும் உள்ளே வரும்வரை கதவை விழவிடாதீர்கள். பாதி பிடிபட்டால் மீதி பொறியைக் கண்டாலே ஓடும், சிதறவும் செய்யும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் குறையுங்கள்.

தடுப்பூசி எல்லா நோய்க்கும் வழியல்ல. நரி ரேபிஸுக்கு இரையில் வைத்த வாய்வழித் தடுப்பூசி மேற்கு ஐரோப்பாவில் வென்றது. 1978-இல் சுவிட்சர்லாந்தில் அது தொடங்கியது. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20 இரை வீதம், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை, பல ஆண்டுகள் தொடரவேண்டும். ஓராண்டு போட்டுவிட்டு நிறுத்தினால் போட்டது வீண்.

எண்ணிக்கை மிகக் குறைந்த இனம் உங்கள் பகுதியில் இருந்தால் அதற்கு மட்டும் தனித்தாள் தேவை. கலிபோர்னியக் கான்டார் கழுகுகள் 2023-இல் பறவைக்காய்ச்சலில் 21 இறந்தபின், அவசர அனுமதி பெற்றுத் தடுப்பூசி சோதனை தொடங்கினார்கள். எந்த மருந்து, எத்தனை விலங்கு, யார் அனுமதி என்று முன்பே எழுதிவைத்தால் அந்த வாரங்கள் மிச்சமாகும்.

சில இடங்களில் எதுவும் செய்ய இயலாது. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச்சீல் குட்டிகள் சுமார் 17,000 பறவைக்காய்ச்சலில் இறந்தன. இத்தகைய கூட்டங்களில் உள்ளே நுழைவதே தீங்கு. கடற்கரையை மூடுவது, நாய்களைத் தடுப்பது, தொலைவிலிருந்து எண்ணுவது ஆகியவைதான் வேலை. அதையும் திட்டமாகவே எழுதுங்கள், இல்லையென்றால் 'ஏதாவது செய்' என்ற நெருக்குதலில் தவறானதைச் செய்வீர்கள்.

12. சடலங்களை அகற்றுதல்

பன்றிக்காய்ச்சல் வைரஸ் குளிர்காலச் சடலத்தில் மாதக்கணக்கில் நிற்கும். மற்ற பன்றிகள் அதை முகர வரும். ஆகவே சடலம் அகற்றுவது சுத்தப்படுத்தும் வேலையல்ல, அதுவே நோய்க்கட்டுப்பாடு.

இரண்டு பை, ஒன்றினுள் ஒன்று. முதல் பையைக் கட்டியபின் வெளிப்புறத்தில் கிருமிநாசினி தெளித்துவிட்டு இரண்டாவதில் போடுங்கள். தரையில் இழுத்தால் வழியெல்லாம் கசியும், சறுக்குத் தட்டிலோ தார்ப்பாயிலோ வைத்து நகர்த்துங்கள். கிடந்த இடத்து மண்ணுக்கும் கிருமிநாசினி தேவை.

புதைப்பதானால் குழியின் அடி நிலத்தடி நீருக்கு நன்றாக மேலே இருக்கவேண்டும். பெருங்குழியில் சடலங்களுக்கு மேல் 2 மீட்டர் மண். குறைந்தால் நாயும் பன்றியும் தோண்டும். வயிற்றைக் கீறி வாயு வெளியேற வழிசெய்யாவிட்டால் குழி உப்பி மேலெழும். அடைப்பான் சந்தேகத்தில் மட்டும் கீறக் கூடாது, எரிப்பதே நல்லது. சுண்ணாம்பு கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்பது தவறான நம்பிக்கை, அது மக்குவதைத் தாமதிக்கும்.

13. கழுவுதல்

சேறும் ரத்தமும் இருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் தூரிகையும் சோப்பும், பிறகே மருந்து. மருந்து போட்டபின் ஈரம் காயாமல் நேரம் கொடுக்கவேண்டும். தெளித்ததும் துடைப்பது வீண்வேலை.

கோமாரிக்கு லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், அல்லது லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா. பன்றிக்காய்ச்சலுக்கு லிட்டருக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா, 30 நிமிடம். இது தோலையும் அலுமினியத்தையும் அரிக்கும். பெராக்சிமோனோசல்ஃபேட் வகைப் பொடி லிட்டருக்கு 10 கிராம், 10 நிமிடம், பல வைரஸ்களுக்கும் ஆகும். கரைத்தால் ஒரு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். குளோரின் ப்ளீச்சையும் சிட்ரிக் அமிலத்தையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

வௌவால் குகைக்குள் போகும் கருவிகளுக்குத் தனிவிதி. வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோய்ப் பூஞ்சைக்கு எதிராக, நனையத் தாங்கும் பொருட்களை 55 பாகைக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவையுங்கள். ஒரு குகையில் பயன்படுத்திய கயிற்றைக் கழுவாமல் அடுத்த குகைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

14. முடிந்தது என்று எப்போது சொல்வது

கடைசிச் சடலம் கிடைத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். தேடலை எப்போது குறைத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆள் குறைந்ததால் சடலம் குறைந்ததா, நோய் குறைந்ததால் குறைந்ததா என்று தேடல் மணிநேரப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் 'நூறு மணி நேரத் தேடலுக்கு எத்தனை சடலம்' என்று கணக்கிடுங்கள்.

குறைந்தது ஓராண்டு, நான்கு பருவமும் கடக்கவேண்டும். அதில் குட்டிகள் பிறக்கும் பருவம் கட்டாயம். நோய் எதிர்ப்பே இல்லாத இளம் விலங்குகளில்தான் மிச்சமிருக்கும் நோய் தலைகாட்டும். வேலியைக் கடைசியில் எடுங்கள். எடுக்கும்போது வெளிவேலியை விட்டுவைத்து உள்வேலியை முதலில் எடுங்கள். வேலிக்கம்பிகளைக் கழுவாமல் வேறு வட்டாரத்துக்கு ஏற்றாதீர்கள்.

சடலப் பதிவேட்டையும் அந்தத் தொலைபேசி எண்ணையும் நிறுத்தாதீர்கள். செக் குடியரசில் 2022 டிசம்பரில் நோய் வேறொரு எல்லை வழியாகத் திரும்பி வந்தது. ஒற்றைத் தாளில் உள்ள பெயர்களைச் சரிபார்த்து, பெட்டியில் செலவானதை நிரப்பி, அடுத்த ஒத்திகைக்குத் தேதி குறியுங்கள்.